ஜீப்பு கேஸ்

அத்தியாயம் 17

ஜீப்பிலிருந்து இறங்கிய நோயாளிகள் அத்தனை பேரும் தலையை வழித்துச் சீவி, முகத்துக்குப் பவுடர் அப்பி, காதுகுத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சுஜாதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கெல்லாம் சீக்குன்னு சொன்னா எவன் நம்புவான்? இன்னைக்கும் இப்படியா வருவீக? போய் மூஞ்சியக் கழுவுங்க. வெரசா! அந்த ஆளு வர்ற நேரம்."

"அழுக்கா வந்தா உனக்குத்தானம்மா மரியாதைக் குறைச்சல்," என்றார் வெள்ளைத்துரை. அவர் புதுச்சட்டை வேறு போட்டிருந்தார். மேல்ஜேபியில் சீப்பு.

விட்ட இடத்தை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. போடிக்கு வெளியே, மலை கண்ணுக்கு நேராக நிற்கிற ரோட்டில் இருக்கும் தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சுஜாதா ஆண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். வீண் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று டிரஸ்ட்காரர்கள் பெங்களூரிலிருந்து ஆலோசகர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு வாரம் வார்டு வார்டாக உட்கார்ந்து பார்ப்பார்களாம். எங்கே கட்டில் காலியாகக் கிடக்கிறதோ அந்த வார்டை மூடச் சொல்வார்களாம். சுஜாதாவின் வார்டில் முக்கால்வாசிக் கட்டில் காலி.

வார்டை மூடினால் அவள் வேலை போகும். மகள் கலையரசி அதே கல்லூரியில் ஊழியர் பிள்ளை என்ற சலுகையில்தான் நர்சிங் படிக்கிறாள். அம்மாவுக்கு வேலை போன மறுநாள் மகளுக்குப் படிப்பும் போகும்.

துறைத் தலைவர் டாக்டர் யோகராஜ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே விஷயம்தான். "கட்டில் நிறையணும் சிஸ்டர். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க."

அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். முத்துக்கண்ணன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். கோடையில் ஏலக்காய் எடுப்பு இல்லை. வண்டியும் சும்மா, மலையில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களும் சும்மா.

"ஆளு தான? ஒரு லோடு வேணுமா, ரெண்டு லோடு வேணுமா?" என்று கேட்டான் அவன், செங்கல் விற்கிறவன் மாதிரி.

அப்படி ஆரம்பித்தது. படுத்துக் கிடக்க அரைநாள் சம்பளம், தலைக்கு மேல் ஃபேன், வேளைக்கு ரொட்டி பால். போடிமெட்டுக்கு மேலே இருந்து ஜனம் ஆசை ஆசையாக இறங்கி வந்தது. நர்சுகள் தங்களுக்குள் அவர்களுக்கு 'ஜீப்பு கேஸ்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இந்த ஆஸ்பத்திரி ஆலோசகருக்கு ஒரு காசும் அவரை ஏமாற்ற ஒரு காசுமாக, ரெட்டைச் சூனியம் வைத்துக்கொண்டது.

இன்று கணக்கெடுப்பின் கடைசி நாள். இன்று ஒரு பகல் தாண்டிவிட்டால் போதும் என்று சுஜாதா விடிந்ததிலிருந்து குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிய ஆளைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா! நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஏன் தாயி, நான் படுத்தா கட்டில் தாங்காதா?" என்றார் சீனிச்சாமி.

முத்துக்கண்ணனின் அப்பா. எஸ்டேட்டில் வேலை முடிந்த பிறகும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று சந்திரவல்லி அத்தையோடு லயத்திலேயே இருக்கிறவர். அவரைப் பற்றி ஒரு கதை சொன்னால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு தடவை காய் உலர்த்தும் ஸ்டோரில் காலைப் பிடித்துக்கொண்டு "பாம்பு, பாம்பு" என்று கத்தி வாயில் நுரை தள்ளிவிட்டார். எஸ்டேட்டே கூடி அவரைச் சாக்கில் கிடத்தி மெட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியது. டீக்கடை வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "சர்க்கரை தூக்கலா ஒரு சாயா" என்றார். நுரை, சோப்பு நுரை. அன்றைக்கு வாங்கிய அடியும் உண்மை, ஜனம் வயிறு வலிக்கச் சிரித்ததும் உண்மை.

"அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லாம வருவனா? எந்தா மோளே, மாமியாரு மாதிரிக் கேள்வி கேக்குற?" என்று மலையாளம் கலந்து சிரித்தார். மூச்சு வாங்கியது. வளைவு வளைவாக இறங்கி வந்த அசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நேற்று வரை வந்த ராமர் என்ற ஆள் இன்று வரவில்லை. அவர் பேரிலேயே மாமனாரைப் பதினோராம் கட்டிலில் போட்டாள்.

முத்துக்கண்ணன் வார்டு நடுவில் நின்று வாத்தியார் மாதிரி பாடம் சொன்னான். "இடது கைப்பக்கம் படுக்கிறவுகளுக்கு எல்லாம் நெஞ்சுவலி. வலது கைப்பக்கம் காய்ச்சல். டாக்டர் கேட்டா மாத்திச் சொல்லிராதீக. நேத்து ஒரு புண்ணியவான் பல்வலின்னு சொல்லிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பதினோராம் கட்டில் இடது பக்கம்.

"வெள்ளைத்துரை அண்ணே, நீங்களும் இன்னொரு ஏழு பேரும் எங்கூட மாடிக்கு வாங்க," என்றான் முத்துக்கண்ணன்.

"மாடிக்கு எதுக்கு?" என்றாள் சுஜாதா.

"ஐ.சி.யு.வுக்கு எட்டு ஆளு கேட்டாக. அங்க மட்டும் கட்டில் காலியாக் கெடந்தா விடுவாகளா?"

"ஐ.சி.யு.வுலயுமா? ஏங்க, இது எங்க போய் முடியும்?"

"சாயங்காலம் முடிஞ்சிரும். பயப்படாத சுஜா. எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு ஒரு டூரிஸ்ட் சவாரி இருக்கு, மெட்டு வரைக்கும். போயிட்டு வந்து இவுகளக் கூட்டிட்டுப் போறேன்."

எட்டுப் பேரும் சுற்றுலா போகிறவர்கள் மாதிரி அவன் பின்னால் மாடி ஏறினார்கள். அங்கே ஏசி என்று கேள்விப்பட்டு வெள்ளைத்துரை துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

* * *

ஆலோசகர் பிரதீப் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பதைத் தாண்டாத பையன், மதிப்பாகப் பேசுவான், ஆயா ஒச்சம்மாளைக்கூட "வணக்கம்மா" என்றுதான் கூப்பிடுவான். வார்டின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்குவான். எந்த நர்ஸ் என்ன செய்கிறாள் என்று கையிலிருக்கும் டேப்லெட் பலகையில் தட்டுவான். மறுபடி குனிந்துகொள்வான்.

அவன் தலை தூக்கும்போதெல்லாம் வார்டில் சுறுசுறுப்பு பொங்கும். சுஜாதா பி.பி. கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். எருமை மாதிரி திடகாத்திரமாக இருக்கிற ஆட்களின் கையில் பட்டையைச் சுற்றுவாள், அவிழ்ப்பாள். அவன் தலை குனிந்ததும் சுற்றாமலே நூற்று இருபது, எண்பது என்று எழுதிக்கொண்டே போவாள். பதினோராம் கட்டிலுக்கும் அப்படித்தான் எழுதினாள்.

காலை ரவுண்ட்ஸ் முடிந்து, பயிற்சி டாக்டர் முத்துப்பிரியா அவளிடம் வந்தாள். படிப்பை முடித்துப் புதிதாக ஸ்டெதஸ்கோப் மாட்டிய பெண்.

"சிஸ்டர், பதினொண்ணுல இருக்கிற தாத்தா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றாரு. இடது கையெல்லாம் இழுக்குதாம். அவரு நெஜமான கேஸா, ஜீப்பா?"

சுஜாதாவுக்குச் சிரிப்பு வந்தது. கையையும் சேர்த்துக்கொண்டாரா!

"ஜீப்புதான்மா. எங்க மாமனாரு. நாடகத்துல எமகாதகரு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா செத்தே காட்டுவாரு, பாருங்க."

முத்துப்பிரியாவும் சிரித்துவிட்டுப் போனாள். அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். நாக்கில் சனி உட்காருகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது, அப்போது நமக்குத் தெரிவதில்லை.

வெயில் ஏறிய பிறகு பிரதீப் எழுந்து அவளிடம் வந்தான். முகத்தில் நிஜமான மரியாதை.

"சிஸ்டர், ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. இந்த ஆஸ்பத்திரியிலேயே உங்க வார்டுதான் பெஸ்ட். எல்லா கட்டிலும் ஃபுல். நர்ஸ் நாலே பேர். எந்த பேஷண்ட்டும் ரெண்டு தடவை கூப்பிடல."

"ரொம்ப நன்றி சார்."

"நாலு பேர்கூட அதிகம்னு தோணுது. ரெண்டு பேர் இருந்தாலே இந்த வார்டு ஓடும். எல்லா வார்டுக்கும் இதையே அளவா வைக்கச் சொல்லப் போறேன்."

சுஜாதா சிரித்தபடியே நின்றாள். சிரிப்பை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீக்கே இல்லாத ஆளைக் கவனிக்க நர்ஸ் எதற்கு? அவன் கண்ணால் பார்த்ததை எழுதுகிறான். வார்டைக் காப்பாற்றப் போய், கூட நிற்கிற ரெண்டு பிள்ளைகளின் சோற்றில் மண் போட்டாகிவிட்டது. ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். 

அந்த நினைப்போடு திரும்பியபோதுதான் பதினோராம் கட்டில் கண்ணில் பட்டது.

சீனிச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ரொட்டி தட்டில் அப்படியே இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை, முனகிக்கொண்டிருந்தார். நடிக்கிறவருக்குப் பார்க்க ஆள் வேண்டும். இவர் சுவருக்கு எதற்கு நடிக்கிறார்?

"மாமா."

அவர் திரும்பினார். முகத்துப் பவுடரை வேர்வை கரைத்துக் கோடு கோடாக இறக்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

சுஜாதா பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினாள். அன்றைக்கு அவள் உண்மையாகப் பார்த்த முதல் பி.பி. அதுதான். கருவியின் முள் இறங்கிக்கொண்டே போனது. தொண்ணூறில் ஒன்றும் கேட்கவில்லை. எண்பதில்தான் லேசாகத் துடிப்பு கேட்டது.

"முத்துப்பிரியா! இ.சி.ஜி. கொண்டா!"

கத்தவில்லை, ஆனால் அந்தக் குரலில் பிரதீப் பத்து நிமிஷம் ஆகாமலே தலையைத் தூக்கினான்.

காகிதம் வெளியே வர வர அந்தப் பெண் அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "சிஸ்டர்... பெரிய அட்டாக் சிஸ்டர். காலையில இருந்தே இருந்திருக்கணும். நான் கேட்டேனே, நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே..."

"நீ கேட்டம்மா. நான்தான் சொன்னேன். டாக்டர் யோகராஜைக் கூப்பிடு."

* * *

யோகராஜ் வந்தார், பார்த்தார். அவர் கெட்டிக்கார டாக்டர், காகிதத்தைக் கையில் வாங்கியதுமே முகம் மாறிவிட்டது. சுஜாதாவை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும். போட்டா மானிட்டர்ல வச்சுப் பாக்கணும். ஐ.சி.யு.வுலதான் முடியும்."

"அப்ப தூக்கிட்டுப் போயிரலாம் சார்."

"எந்தக் கட்டிலுக்கு? எட்டும் ஃபுல்."

"எட்டும் ஜீப்பு கேஸ் சார்! நம்ம வெள்ளைத்துரை அண்ணன்தான் படுத்திருக்காரு. ஒருத்தர எழுப்பிவிடுங்க."

"அங்க பிரதீப்போட வந்த அந்தக் கம்பெனிக்காரம்மா காலையில இருந்து உக்காந்திருக்கு. வயரும் மாஸ்க்குமா கிடந்தவன் எந்திரிச்சு வேட்டியக் கட்டிட்டு நடந்து போனா, என்ன நினைக்கும்? என் டிபார்ட்மென்ட்டே போயிரும். உங்க வார்டும்தான்."

"தேனி பெரியாஸ்பத்திரிக்காவது அனுப்பிருவோம் சார்."

"மருத்துவக் கல்லூரி நடத்துறோம். நெஞ்சுவலிக்கு வெளிய அனுப்புறோம்னு எழுதிட்டுப் போவான்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மணிக்கு ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருவாங்க. இன்னும் அரை மணி நேரம். ஆஸ்பிரின் குடுங்க, ஆக்சிஜன் வைங்க. அவங்க தலை மறைஞ்சதும் மாத்திருவோம்."

"சரி சார்," என்றாள் சுஜாதா.

அப்போதே மாமனாரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் பதினைந்து வருஷம் 'சரி சார்' சொல்லிப் பழகிய வாய் அது. மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிடும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

"எப்ப இருந்து மாமா வலிக்குது?"

"ரெண்டு நாளா ஏத்தம் ஏறுனா அடைக்குது தாயி. ராத்திரி படுக்க முடியல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல? ஏன் அவருகிட்டச் சொல்லல?"

"சொன்னா அவன் சவாரிய விட்டுட்டு வருவான். நீ லீவு கேட்டு நிப்ப. அங்க கணக்கெடுக்குறாக, வேலை போயிரும்னு நீ போன்ல அழுதியே." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "எப்படியும் ஆஸ்பத்திரிக்கு ஆளுக போகுது. நம்மளும் போய்ப் படுப்போம், டாக்டர் பாத்தா பாக்கட்டும்னுதான் ஜீப்புல ஏறுனேன். கேட்டவுக கிட்டயெல்லாம் சொன்னேன் தாயி. எல்லாரும் சிரிச்சாக."

 நிஜ நோயாளியாக வந்து நிற்கக் கூச்சப்பட்டு, பொய் நோயாளியாக வந்திருக்கிறார் மனுஷன். பெற்ற பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது என்று நினைக்கிற கிறுக்கு அது. நம் வீடுகளில் அந்தக் கிறுக்கு இல்லாத அப்பன் யார் இருக்கிறான்?

"கொஞ்ச நேரம்தான் மாமா. இப்பக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"மெதுவா ஆகட்டும்," என்றார் அவர். "வலிக்கிறது எனக்கா? ராமருக்குத்தான வலிக்குது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒரு மணி ஆனது. பிரதீப் எழுந்தான். சுஜாதா கட்டிலின் சக்கரப் பூட்டில் கையை வைத்தாள். அவன் வாசல் வரைக்கும் போய், ஒரு பையனிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கடைசி நாள் சிஸ்டர். நேரத்தை வேஸ்ட் பண்ண வேணாம்னு இங்கேயே வரவழைச்சுட்டேன். மேல என் கொலீக்கும் அப்படித்தான்."

அவள் யோகராஜின் அறைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சீனிச்சாமியின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது.

போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. வார்டு, வேலை, மகள் படிப்பு, எல்லாம் நாசமாய்ப் போகட்டும்.

"ஒச்சம்மா, கால்மாட்டைப் பிடி!"

* * *

லிஃப்ட் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முத்துப்பிரியா ஆக்சிஜன் உருளையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பிரதீப்பும் பின்னால் வந்தான்.

ஐ.சி.யு. வாசலில் அங்கத்து நர்ஸ் கையை விரித்து மறித்தாள். "ஃபுல் சிஸ்டர், ஃபுல்! கட்டிலே இல்ல!" கண்ணால் உள்ளே ஜாடை காட்டினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனி அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

சுஜாதா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டுக் கட்டில். எட்டிலும் மூக்கில் குழாய், நெஞ்சில் வயர். மூன்றாவது கட்டிலில் வெள்ளைத்துரை ஏசிக் குளிருக்குக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளைத்துரை அண்ணே! எந்திரிங்க! எங்க மாமாவுக்கு நெசமாவே வந்துருச்சு!"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். கட்டிலில் கிடந்த சீனிச்சாமியைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நெஞ்சிலிருந்த வயர்களைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீழே குதித்தார். கருவி கூவ ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில் மற்ற ஏழு பேரும் முழித்துக்கொண்டார்கள். ஒருத்தர் எழுந்தால் நேரம் முடிந்தது என்றுதானே அர்த்தம். ஒவ்வொருவராக மாஸ்க்கைக் கழற்றினார்கள். வயரைப் பிடுங்கினார்கள். எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார்கள். அவ்வளவு கருவியும் ஒன்றாகக் கூவியது.

"வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார் ஏழாம் கட்டில்காரர்.

கம்பெனி அம்மாள் எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள். வாசலில் பிரதீப் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர்கள் எண்ணியதெல்லாம் கண்ணெதிரே வேட்டி கட்டிக்கொண்டு நின்றது.

சீனிச்சாமியை மூன்றாவது கட்டிலுக்கு மாற்றினார்கள். ஊசி ஏறியது. ஆனால் பாதி மருந்து இறங்குவதற்குள் மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடி, அப்புறம் படுத்துவிட்டது. முத்துப்பிரியா நெஞ்சை அமுக்கினாள். அவள் கை ஓய்ந்ததும் சுஜாதா அமுக்கினாள். எங்கிருந்தோ ஓடி வந்த யோகராஜ் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவரும் அமுக்கினார். ஷாக் வைத்தார்கள். மறுபடி அமுக்கினார்கள். வெள்ளைத்துரை கால்மாட்டில் நின்று, "யோவ் சீனி, போதும்யா, எந்திரிய்யா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சீனிச்சாமி எந்திரிக்கவில்லை.

* * *

வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த சுஜாதாவிடம் பிரதீப் வந்தான். அவனும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"சிஸ்டர், நான் காலையில இருந்து அங்கேயேதானே இருந்தேன். அவர் கூப்பிடவே இல்லையே. என் கணக்குல அவரை 'தொந்தரவு இல்லாத பேஷண்ட்'னு போட்டிருக்கேன்."

"கூப்பிட்டாரு சார். எல்லாரையும் கூப்பிட்டாரு. நாடகம்னு நான்தான் சொன்னேன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "வார்டுல இருந்ததுல முக்காவாசிப் பேருக்கு ஒரு சீக்கும் கிடையாது. அதான் ரெண்டு நர்சே போதும்னு உங்களுக்குத் தெரிஞ்சது. எழுதுறதா இருந்தா இதையும் எழுதுங்க."

 பிரதீப் கையிலிருந்த பலகையைக் கவிழ்த்துத் தரையில் வைத்தான்.

பக்கத்து அறைக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே யோகராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. "ஆமா சேர்மன் சார். ஒரு ஜீப்பு டிரைவர். ஆளுகளை உள்ள ஏத்திவிட்டு ஏமாத்தியிருக்கான். எங்களுக்கே இப்பத்தான் தெரியும் சார். வார்டு சிஸ்டரோட புருஷன்தான்... ஆமா, போலீசுக்குச் சொல்லிரலாம். ஆளுகளைக் கூட்டிட்டுப் போக இப்ப வருவான்."

சற்று முன் இதே ஆள்தான் கோட்டைக் கழற்றிப் போட்டு நெஞ்சை அமுக்கினார். மனுஷ ஜென்மத்தை என்னவென்று சொல்வது!

கீழே ஹாரன் அடித்தது. அந்த ஹாரன் சுஜாதாவுக்குத் தெரியும், தெருமுனையிலேயே அடிப்பான். எழுந்து படியிறங்கி ஓடினாள்.

வாசலில் முத்துக்கண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டு, மாடியில் நடந்தது தெரியாத கீழ் வார்டு ஆட்களில் பாதிப் பேரை ஏற்றியும் விட்டிருந்தான். டூரிஸ்ட்காரர்கள் நன்றாகக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, முகம் தெளிச்சியாக இருந்தது.

"எங்க அப்பாவ? வெரசா வரச் சொல்லு. மெட்டுல பனி எறங்கிருச்சுன்னா வளைவு தெரியாது."

"ஏங்க. இங்கிட்டு வாங்க. மாமா செத்துப் போயிட்டாரு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உரக்கச் சிரித்தான்.

"உன்னையும் சேத்துக்கிட்டாரா? இந்தாளுக்கு வெவஸ்தையே கெடையாது!" மாடியைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டான். "யப்போவ்! நடிச்சது போதும், எறங்கி வா!"

ஜீப்புக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"சத்தியமா சொல்றேங்க..."

"நீ சத்தியம் வேற பண்ணு. பாம்பு கடிச்சப்ப எங்காத்தா தாலியவே கழட்டப் போயிருச்சு."

அப்போது வெள்ளைத்துரை படியிறங்கி வந்தார். கையில் சீனிச்சாமியின் சட்டையும் துண்டும் இருந்தன. அவர் தேம்பிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குள் சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியாக முத்துக்கண்ணனின் சிரிப்பு நின்றது.

அவன் சட்டையைக் கையில் வாங்கினான். வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க வச்சிருக்காக?"

"ஐ.சி.யு.ல. மூணாவது கட்டில்ல. முன்னாடியே கொண்டுபோயிருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை. "கட்டில் கெடைக்கலங்க."

"அங்க எப்படிக் கெடைக்கும்?" என்றான் முத்துக்கண்ணன். "எட்டுக்கும் காலையில நான்தான ஆளு விட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சுஜாதா அவன் தோளைத் தொடக் குனிந்தவள், இன்னொரு சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வாட்ச்மேன் போனைக் காதில் வைத்து, "சரி சார், சரி சார்" என்று சொன்னபடியே, ஜீப்புக்குப் பின்னால் பெரிய கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.